பானெட்டைத் திறந்து எத்தனை நாளாச்சு?

“ஜீரோ பார்த்துக்கோங்க சார்.” தமிழ்நாட்டில் எந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். நாமும் கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டி, மீட்டரில் சைபர் நிற்கிறதா என்று கூர்ந்து பார்க்கிறோம். காசு கொடுக்கிறவருக்கு அந்தக் கவனம் வேண்டியதுதான். ஆனால் அதே பங்க்கின் ஓரத்தில், நாலு எட்டில் போய்விடும் தூரத்தில், காற்று பிடிக்கும் மெஷின் நிற்கிறது. காசு கேட்பதில்லை. அங்கே வண்டியைத் திருப்புகிறவர்கள் குறைவு. குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகப்போவது அந்த நான்கு டயர்களை நம்பித்தான்.

ஒரு காலத்தில் அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. காலையில் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஆயில் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள். பார்க்காவிட்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ வந்த பிறகு, கார் என்பது மாதத் தவணையில் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. இந்தக் கார்கள் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்காததால் நாமும் பார்ப்பதில்லை. ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைக்கும்போதுகூட வெளியேதான் வைக்கிறோம்.

ஆண்டு முழுக்கப் பார்க்காமல் விட்டதெல்லாம் அக்னி நட்சத்திரத்தில் வெளியே வந்துவிடும். பழசான ரப்பர், காற்று குறைந்த டயர், எங்கோ உரசிக்கொண்டிருக்கும் வயர், குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்த்துப்போன கூலன்ட் எல்லாவற்றையும் சோதிப்பது ஒரே விஷயம்தான்: சூடு. அந்தச் சூட்டுக்குச் சில அடி தள்ளி முப்பது, நாற்பது லிட்டர் பெட்ரோலை வைத்துக்கொண்டுதான் கார் ஓடுகிறது. சாலையோரம் கார் தீப்பிடித்து எரியும் காட்சிகள் ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வருகின்றன. அவற்றில் பலவும் விதிவசத்தால் நடப்பவை அல்ல. வண்டி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் கேட்காமல் போனதால் நடப்பவை.

பங்க்கில் கேட்க வேண்டியவை

மீட்டரில் சைபர் பார்ப்பதோடு நம் உரிமை முடிந்துவிடுவதில்லை. அளவில் சந்தேகமா? எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கேன் பங்க்கில் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்ய வேண்டியதுதான். தரத்தில் சந்தேகமா? ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். நாசில் நுனியைத் துடைத்துவிட்டு, தாளில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் கறை தங்காமல் ஆவியாகிவிட வேண்டும். பிசுக்கோடு வட்டம் நின்றால் ஏதோ கலந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இவற்றைக் கேட்பவரைச் சண்டைக்காரராகப் பார்க்கும் பழக்கம்தான் மாற வேண்டும்.

அடிக்கடி நடக்கும் சண்டை வேறொன்று. “என் வண்டி டேங்கே 37 லிட்டர். நீங்க எப்படி 40 லிட்டர் போட்டீங்க?” கம்பெனி புத்தகத்தில் கொடுக்கும் அளவு, பாதுகாப்பாக நிரப்ப வேண்டிய அளவு. அதற்கு மேலே, பெட்ரோல் சூட்டில் விரியவும் ஆவி நிற்கவும் டேங்க்கில் இடம் விட்டிருக்கிறார்கள். நிரப்பும் குழாயிலும் கொஞ்சம் பிடிக்கும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து பங்க் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. ஐந்து லிட்டர் கேன்தான் சரியான சாட்சி.

ஆனால் அந்தக் காலியிடத்தை நிரப்பவே கூடாது. நாசில் ‘டக்’கென்று தானாக நின்றதும் ஊழியர் கேட்பார்: “ரவுண்டா போட்டுடவா சார்?” வேண்டாம் என்று சொல்லுங்கள். சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கம் அது. ஜிபேயில் பைசா வரைக்கும் கட்டுகிற இந்த நாளில் அதற்குத் தேவையே இல்லை. டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்து, பிறகு இன்ஜினுக்கு அனுப்புவதற்காக, கரி நிரப்பிய சிறு பெட்டி ஒன்று இன்றைய கார்களில் இருக்கிறது. கழுத்துவரை நிரப்பினால் ஆவி போக வேண்டிய வழியில் பெட்ரோலே போய் அந்தக் கரி நனைந்துவிடும். வண்டி மக்கர் பண்ணும். பெட்ரோல் வாசனை வரும். மாற்றப் போனால் ஆயிரக்கணக்கில் செலவு.

இதிலிருந்து கிளைத்த வதந்தி ஒன்று கோடைதோறும் வாட்ஸ்அப்பில் வரும்: வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வண்டி வெடித்துவிடும் என்று. இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்திருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுவரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம். சொல்லப்போனால் டேங்க்கை எப்போதும் ரிசர்விலேயே வைத்து ஓட்டுவதுதான் தவறு. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் குளிர்ச்சியாக இருப்பது அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோலால்தான்.

செல்போன் பேசினால் பங்க் பற்றிக்கொள்ளுமா என்று பலரும் கேட்கிறார்கள். போனின் அலையால் தீப்பற்றியதாக உறுதியான சான்று இல்லை. நிலைமின்சாரத்தால் பற்றியதற்கு உண்டு. வறண்ட காற்றில் சீட் துணியில் உரசி இறங்கும் உடம்பில் அது சேரும். எனவே பெட்ரோல் பாயும்போது உள்ளே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்காதீர்கள். இறங்கினால் முதலில் கதவின் இரும்பைத் தொட்டுவிடுங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். அணைக்காமல் ஏசியை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது, உச்சி வெயிலில் நிற்கும் அந்த ஊழியரை நினைத்துத்தான் எனக்குக் கவலை வருகிறது. பணம் செலுத்தும் ஸ்கேனர் வேலையை நாசிலை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டார்களா? சாவியைத் தொடாதீர்கள். டீசல் எரிபொருள் மட்டுமல்ல, தன்னை அழுத்தித் தள்ளும் பம்ப்புக்கு மசகும் அதுதான். பெட்ரோல் அந்த மசகைக் கழுவிவிடும். ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிப்போய் டேங்க்கைக் காலி செய்தால் சில ஆயிரத்தில் முடியும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் என்று செலவு லட்சத்தைத் தொடும். பங்க்கில் வண்டி நின்றதும் “டீசல்” என்று வாய்விட்டுச் சொல்வதும், எந்த நாசில் வருகிறது என்று பார்ப்பதும் சைபர் பார்ப்பதைவிட முக்கியம்.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி டிக்கியில் போட்டுவைக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக், சூட்டில் உப்பி மூடியை நெகிழ்த்தும். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதேபோல், ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி டேங்க்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது. ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனால் போதும், நிமோனியா போல மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வெளியே வரும்போது இன்னொரு முறை நுரையீரலுக்குப் போகும். நேராக மருத்துவமனைதான்.

வாசனை வந்தால்

எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. நம் ஊரில் எந்த நாளும் எந்த நேரமும் அது ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு 1.4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் படிக்கட்டின் கீழும் தேங்கும். போர்ட்டிகோவில் வண்டி கசிந்தால், அந்த ஆவி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து பூஜை அறை விளக்கைத் தொடலாம். வாசல் பக்கம் பெட்ரோல் ஊற்றிப் பைக் செயின் கழுவுகிறவர்கள் தரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்ட ஒன்றைக் காரில் எப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? காற்றோடு சேரவே விடாமல். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குள் போய் எரியும் வரை அது மூடிய வழியிலேயே பயணம் செய்கிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள காரில் பெட்ரோல் வாசனையே வரக் கூடாது. பங்க்கில் நிரப்பும்போது கொஞ்சம் வரும், போய்விடும். அடுத்த நாள் காலை கதவைத் திறக்கும்போதும் வந்தால், எங்கோ அந்த மூடிய வழி திறந்துவிட்டது.

எங்கே திறக்கும்? வெடிப்பு விட்ட ஹோஸ், தளர்ந்த கிளிப், டேங்க் மூடியின் தேய்ந்த ரப்பர், பம்ப்பை எடுத்து மாட்டியபோது சரியாக உட்காராத ரப்பர் வளையம், உயரமான வேகத்தடையில் அடிவயிறு இடித்ததில் நசுங்கிய பைப். சாதாரண பெட்ரோல் காரின் குழாயிலேயே மூன்று, நான்கு பார் அழுத்தம் இருக்கும். சிறு வெடிப்பு என்றாலும் சொட்டாது, பீய்ச்சும். பீய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். “சர்வீஸ் சென்டர் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்” என்று நினைக்கும் அந்த ஒரு பயணத்தில்தான் பல வண்டிகள் எரிகின்றன. வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல், திறந்த வெளிக்குத் தள்ளி நிறுத்தி, மெக்கானிக்கை வண்டியிடம் வரவழையுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது இது இன்னும் அவசரம். 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோல், அதாவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்தது, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. அதற்கு முந்தையவற்றில் பலவும் 10 பங்கு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மிகப் பழையவற்றில் அதுவும் இல்லை. எத்தனால் சிலவகை ரப்பரை ஊற வைத்து, நாளடைவில் வெடிக்க வைக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம். மைலேஜும் குறையும். பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது.

இதற்காகப் பழைய வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பத்து வருடத்துக்கு மேலான காராக இருந்தால், எரிபொருள் ஹோஸ்களையும் வளையங்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சைக்கிள் ட்யூப் போல இருக்கும் ஏதோ ஒரு ஹோஸைப் புதுப்பேட்டையில் மலிவாக வாங்கி மாட்டுவது வேண்டாம். ஹோஸின் மேலேயே எரிபொருளுக்கானது என்று அச்சிட்டிருக்கும். பார்த்து வாங்குங்கள். மலிவுப் பெட்ரோல் என்று சொல்லிவிட்டு, அதைத் தாங்கும் பாகங்களின் செலவைப் பழைய வண்டிக்காரர் தலையில் கட்டியது நியாயம்தானா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை ஹோஸ் காத்திருக்காது.

வயரை வெட்டாதீர்கள்

கார் தீப்பிடிக்கும் சம்பவங்களில் பெட்ரோலைவிட அதிகம் சந்தேகிக்க வேண்டியது வயரிங்கைத்தான். புதுக் கார் வாங்கிய அதே வாரத்தில் ஆக்சசரீஸ் கடைக்குப் போய், கம்பெனி வயரை வெட்டி, கூடுதல் ஹாரன், ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபையர், கேமரா என்று மாட்டிக்கொண்டு வருகிறோம். வெட்டிய இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் அந்த டேப்பின் பசை சில மாதங்களில் உருகி, டேப் கழன்றுவிடும். வயர் இரும்பில் உரச ஆரம்பிக்கும்.

ஹெட்லைட் கணக்கைப் பாருங்கள். வழக்கமான ஹாலஜன் பல்பு ஹைபீமில் 60 வாட். 12 வோல்ட்டில் அது ஐந்து ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல் போகும். வயரில் உண்டாகும் சூடு மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், அதே வயரில் சூடு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தனி வயரும் ரிலேயும் போடாமல் பல்பை மட்டும் மாற்றினால் ஹோல்டர் உருகுவது அதனால்தான். எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும்.

ஃப்யூஸ் போய்விட்டால் அதே நிறத்தில்தான் மாற்ற வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. “அடிக்கடி போகுது, பெருசா போட்டுடுங்க” என்று சொல்லி நீலத்தின் இடத்தில் பச்சையைச் செருகினால், அடுத்த முறை எரியப்போவது ஃப்யூஸ் அல்ல, வயர். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுகிறவர்களும் உண்டு. ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது. அதைக் கண்டுபிடிக்கும் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி வீணல்ல.

எலியையும் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான இடம் தேடி இரவில் பானெட்டுக்குள் ஏறி, வயரைக் கடித்து, காய்ந்த சருகும் துணியும் கொண்டுவந்து இன்ஜின் மேலேயே கூடு கட்டும். சில நாள் ஓட்டாத வண்டியைக் கிளப்புவதற்கு முன் பானெட்டைத் தூக்கிப் பார்க்க இந்த ஒரு காரணமே போதும். வண்டி நிறுத்தும் இடத்தில் குப்பையும் சாப்பாட்டு மிச்சமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், கீழ்ப்புறம் வலை அடிப்பதும் பலன் தரும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அறுவடைக் காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொள்ளுச் செடியையும் ராகித் தாளையும் வண்டிச் சக்கரம் மிதித்துக் கதிர் உதிரட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். அந்தச் செடி ஆக்சிலில் சுற்றி, எக்ஸாஸ்ட்டில் ஒட்டி, கார் தீப்பிடித்தது உண்டு. எக்ஸாஸ்ட் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓட்டத்தில் பல நூறு டிகிரி சூடாகும். பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியை எரிக்கும் வடிகட்டி, தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் 600 டிகிரியை ஒட்டிப் போகும். பரப்பிய செடி மேல் ஓட்ட நேர்ந்தால் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, குனிந்து அடியைப் பாருங்கள். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

ஊசி மேலே ஏறினால்

இன்ஜின் ஓடும்போது கூலன்ட்டின் சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுத்து அடைத்து வைத்திருப்பதால்தான் அது நூறைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டு, கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். ஈரத்துணி வைத்துத் திறந்தாலும் அதேதான். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆற விடுங்கள்.

ஓடும்போது வெப்பநிலை ஊசி ஏறினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் ஏசியை அணையுங்கள். ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஊர் வந்துடும்” என்று இழுத்துக்கொண்டு போனால் ஹெட் கேஸ்கெட் போகும், அதற்கு மேல் போனால் இன்ஜினே சீஸ் ஆகும். இருநூறு ரூபாய் ஹோஸில் தொடங்கியது இன்ஜின் வேலையாக முடியும்.

கூலன்ட் பார்ப்பது அரை நிமிட வேலை. பானெட்டுக்குள் வெள்ளையாக இருக்கும் ரிசர்வ் டேங்க்கில் இரண்டு கோடுகள் உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டம் அந்தக் கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர்ப் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் பாத்திரத்து அடியில் படிவதைப் போலவே படியும். கம்பெனி சொன்ன கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும். அடர் கூலன்ட்டாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்கும் அளவு டப்பாவிலேயே இருக்கும். மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால் ஊற்றுவது வைத்தியம் அல்ல. எங்கே கசிகிறது என்று தேட வேண்டும்.

பானெட்டைத் திறந்த கையோடு டிப் ஸ்டிக்கையும் இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். சமதளத்தில், இன்ஜின் நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கிண்டி விளக்கு எரிந்தால் அது மறுநாள் பார்க்கலாம் என்கிற விஷயம் அல்ல, அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டிய விஷயம். மஞ்சளாக எரியும் இன்ஜின் விளக்குக்கு இவ்வளவு பதற வேண்டாம், ஆனால் அந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுப்பது. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ கிளம்புங்கள். ஈரம் சேர்ந்த பிரேக் ஆயில் இறக்கத்தில் சூடாகி ஆவியானால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும்.

டயர்

டயருக்கு எவ்வளவு காற்று என்பதை பங்க் ஊழியரிடம் கேட்கிறோம். அவர் பெரும்பாலும் “முப்பது, முப்பத்தஞ்சு” என்று பொதுவாகச் சொல்வார். உங்கள் வண்டிக்கான சரியான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கிறது. ஆள் நிறைந்து, டிக்கியும் நிறைந்து போகும் பயணத்துக்குத் தனி எண் கொடுத்திருப்பார்கள். டயர் ஆறியிருக்கும்போது, அதாவது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபோது பார்த்த அளவுதான் அளவு.

நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. வெயிலில் காற்று விரிந்து வெடித்துவிடும் என்று பயந்து, கோடையில் காற்றைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அது ஆபத்தைத் தேடிப் போவது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த மடங்கலில் டயர் உள்ளிருந்தே சூடாகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும்போது நூல் அடுக்குகள் பிரிந்து, அதன் பிறகே வெடிக்கிறது. கார் கம்பெனி அந்த எண்ணைக் கொடுக்கும்போது ஓட்டத்தில் காற்று விரிவதையும் கணக்கில் எடுத்துத்தான் கொடுக்கிறது. நைட்ரஜன் பிடித்தால் தீங்கில்லை. சாதாரணக் காற்றைச் சரியாகப் பிடித்தாலே போதும்.

டயரின் வயதைப் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வார இறுதியில் மட்டும் ஓடும் கார்களில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகி, சன்னமாக வெடித்திருக்கும். ஐந்து, ஆறு வயதைத் தாண்டினால் ஒவ்வொரு சர்வீஸிலும் நன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது. பள்ளத்தில் மேடிட்டிருக்கும் சிறு பட்டையோடு பட்டன் சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஸ்டெப்னியை மறந்துவிடுகிறோம். உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இரவில் பஞ்சர் ஆகும்போதுதான் அதிலும் காற்று இல்லை என்று தெரியவரும்.

சிலிண்டர் வைத்த வண்டிகள்

சிஎன்ஜி கார்கள் இப்போது பெருகிவிட்டன. டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் அழுத்தம். சிஎன்ஜி சிலிண்டரில் இருப்பது 200 பார். முறையாகச் சோதித்தால் அது நம்பகமான தொட்டிதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அடுத்த சோதனைத் தேதி நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில் உள்ள தகட்டில் இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்துக்கு முன் அந்தத் தகட்டைப் பாருங்கள். கிட் பொருத்தியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏறாவிட்டால் இன்சூரன்ஸும் கைவிடும். நிரப்பும்போது எல்லோரும் இறங்கிவிட வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் உள்ளேயே விடுகிறோம். தூக்கிக்கொண்டாவது இறங்குங்கள்.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து காருக்கு கேஸ் ஏற்றுவதைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். பழைய ஆம்னி வேன்களில் இது இன்னும் நடக்கிறது. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். வண்டிக்கான எல்பிஜி டேங்க் 80 சதவீதம் நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும்படி அமைந்தது. மீதி இடம் சூட்டில் திரவம் விரிவதற்கு. திருட்டுத்தனமாக ஏற்றும் இடத்தில் அந்தக் காவல் எதுவும் இல்லை. எல்பிஜி திரவம் வாயுவாகும்போது ஏறக்குறைய 250 மடங்கு பெருகும். அதுவும் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். பிள்ளைகள் ஏறிப் போகும் வேன் எதில் ஓடுகிறது என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும்.

மழையில் மூழ்கினால்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீரில் நின்றதால் போன இன்ஜினைவிட, தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியதால் போன இன்ஜின்கள் அதிகமாக இருக்கும் என்றே மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். காற்றை அழுத்துவதற்கான சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அது அழுந்தாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இப்படிப் போகும் இன்ஜினுக்குப் பணம் தராது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையைப் புரட்டாசிக்கு முன்பே எடுத்துவைப்பது நல்லது.

புகை கண்டால்

முன்னெச்சரிக்கை எல்லாம் மீறியும் ஒரு நாள் பானெட் இடுக்கிலிருந்து புகை வரலாம். பிளாஸ்டிக் கருகும் வாசனை முதலில் வரும். ஏசி வழியாகவே வரும். அந்த நிமிடமே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். பை, லேப்டாப், நகைப் பெட்டி எதையும் எடுக்க நிற்காதீர்கள். தீ பேட்டரி வயரைத் தொட்டுவிட்டால் கதவுப் பூட்டும் கண்ணாடி மோட்டாரும் வேலை செய்யாமல் போகலாம். கதவு திறக்காவிட்டால், பக்கக் கண்ணாடியின் நடுவில் அல்லாமல் ஓரத்தில் அடித்து உடைக்க வேண்டும். அதற்கான கூர்முனைச் சுத்தியல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சீட்பெல்ட்டை அறுக்கும் கத்தியும் அதிலேயே இருக்கும். அதை டிக்கியில் வைப்பதால் பயன் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்ட வேண்டும். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பானையும் முன் சீட்டின் கீழேயே பட்டையில் மாட்டி வையுங்கள். அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பானெட்டை முழுதாகத் தூக்கிவிடாதீர்கள். அதுவரை காற்றுக்குத் திணறிக்கொண்டிருந்த தீ, திறந்த நொடியில் முகத்துக்கு எழும்பும். உள்ளிருந்து லீவரை இழுத்தால் கிடைக்கும் விரலளவு இடுக்கு வழியாகவே பவுடரை அடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். தீயணைப்பான் காலியாகியும் அடங்கவில்லை என்றால், அல்லது தீ டேங்க் பக்கம் போய்விட்டது என்றால், இன்னொரு முயற்சி வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நூறடிக்குக் குறையாமல் விலகி நின்று, பின்னால் வரும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, 101-ஐ அழையுங்கள். வண்டி பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரும் வீரர்கள் அதற்கு ஏற்றபடி தயாராக வருவார்கள்.